ஜூலையிலேயே தொடங்கிவிடும் சாம்பியன்ஸ் லீக்
தகுதிச் சுற்றுகளைப் புரிந்துகொண்டு பின்தொடர ஒரு வழிகாட்டி

கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடற்கரைச் சாலை நெடுகிலும், உள்ளே செங்கல்பட்டு, மறைமலைநகர், கூடுவாஞ்சேரி பக்கமும் ஐரோப்பியக் கால்பந்தைப் பார்க்கும் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். செப்டம்பரில் ரியல் மாட்ரிட்டும் லிவர்பூலும் களம் இறங்கும்போதுதான் சாம்பியன்ஸ் லீக் தொடங்குகிறது என்று அவர்களில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஜூலை முதல் பாதியிலேயே ஜிப்ரால்டர், ஃபாரோ தீவுகள், கொசோவோ, கஜகஸ்தான் போன்ற இடங்களின் சாம்பியன் அணிகள் அதே கோப்பைக்காக ஆடத் தொடங்கிவிடுகின்றன. ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நீளும் இந்த ஆட்டங்களே தகுதிச் சுற்றுகள்.

சிறிய நாட்டின் அணி பெரிய மேடைக்குப் போக ஐரோப்பாவில் உள்ள முக்கிய வாசல் இதுதான். அதனால் இந்தச் சுற்றுகளைப் பார்க்கத் தெரிந்தவருக்குக் கால்பந்தின் நிர்வாகமும் சேர்ந்து புரியும். நம் பக்கத்துப் பயிற்சியாளர்களுக்கும் ஊர் அணிகளை நடத்துபவர்களுக்கும் இந்த வழிகாட்டி அந்த வகையிலும் உதவும்.

1. முதலில் இடங்களின் கணக்கு

2024-25 பருவத்திலிருந்து சாம்பியன்ஸ் லீகின் முதன்மைக் கட்டத்தில் 36 அணிகள் ஆடுகின்றன. இவற்றில் 29 அணிகள் நேரடியாக நுழைகின்றன. இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி லீகுகளில் முதல் நான்கு இடம் பிடித்தவை, முந்தைய பருவத்தில் சாம்பியன்ஸ் லீகையும் யூரோப்பா லீகையும் வென்றவை எல்லாம் இந்த வகையில் வரும். மீதி 7 இடங்களுக்குத்தான் கோடை முழுக்கப் போட்டி.

36 அணிகளும் ஒரே பட்டியலில் நிற்கும். ஒவ்வொரு அணியும் எட்டு வெவ்வேறு அணிகளோடு மோதும். நான்கு ஆட்டம் சொந்த மைதானத்தில், நான்கு வெளியூரில். எல்லோரும் எல்லோருடனும் ஆடாமல் ஒரே பட்டியலில் தரவரிசை போடும் முறை நம் ஊருக்குப் புதிதல்ல. 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடில் 11 சுற்றுகள் சுவிஸ் முறையில் நடந்தன. வேறுபாடு ஒன்று உண்டு. சதுரங்கத்தில் அடுத்த சுற்றில் யாரோடு மோதுவது என்பதை அதுவரை எடுத்த புள்ளிகள் முடிவு செய்யும். சாம்பியன்ஸ் லீகில் எட்டு எதிரணிகளும் முன்கூட்டியே குலுக்கலில் தெரிந்துவிடும்.

இந்தக் கட்டத்துக்குள் நுழைந்தாலே ஓர் அணிக்கு சுமார் 1 கோடியே 86 லட்சம் யூரோ கிடைக்கும். அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீகில் இதே கட்டத்துக்கு சுமார் 43 லட்சம், அதற்கும் கீழான கான்ஃபரன்ஸ் லீகில் சுமார் 32 லட்சம். ஆகஸ்ட் மாதத்து ஒரு பெனால்டி உதையில் எவ்வளவு பணம் நிற்கிறது என்பது இதிலிருந்து தெரியும்.

2. இரண்டு பாதைகள்

தகுதிச் சுற்றைப் பார்க்கத் தொடங்குபவரைக் குழப்புவது பாதைகள்தான். இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்றில் போகும் அணி மற்றதில் போகும் அணியைத் தகுதிச் சுற்றில் சந்திக்கவே சந்திக்காது.

சாம்பியன்கள் பாதை: தங்கள் நாட்டு லீகை வென்ற அணிகளுக்கு மட்டும். இதிலிருந்து 5 அணிகள் தேறும்.

லீக் பாதை: பட்டம் வெல்லாமல், நடுத்தர நிலை லீகுகளில் இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தவை போன்ற அணிகளுக்கு. இதிலிருந்து 2 அணிகள் தேறும்.

இந்தப் பிரிவினை 2009-10 பருவத்தில் வந்தது. அதற்கு முன் சைப்ரஸ் சாம்பியனும் இங்கிலாந்தின் நான்காம் இட அணியும் ஒரே குலுக்கலில் மோத வேண்டி வந்தது. சிறிய நாட்டுச் சாம்பியன் பெரும்பாலும் அங்கேயே நின்றுபோகும். பாதையைப் பிரித்ததால் சிறிய நாடுகளின் சாம்பியன்களில் சிலராவது ஒவ்வோர் ஆண்டும் உள்ளே போவது உறுதியானது. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு எடுத்த முடிவுகளில் நான் மனதார வரவேற்பது இது.

2025-26 பருவத்தின் கணக்கைப் பார்த்தால் ஏணி தெளிவாகும்.

சாம்பியன்கள் பாதை: முதல் சுற்றில் 28 அணிகள். வென்ற 14 அணிகளோடு புதிதாக 10 சேர்ந்து இரண்டாம் சுற்றில் 24. மூன்றாம் சுற்றில் 12. வென்ற 6 அணிகளோடு 4 சேர்ந்து கடைசிச் சுற்றான பிளே-ஆஃபில் 10. தேறியவை 5.

லீக் பாதை: இரண்டாம் சுற்றில் 6 அணிகள். வென்ற 3 அணிகளோடு 5 சேர்ந்து மூன்றாம் சுற்றில் 8. பிளே-ஆஃபில் 4. தேறியவை 2.

யார் எந்தச் சுற்றில் சேர்வது என்பதை அந்தந்த நாட்டு அணிகள் ஐந்து பருவங்களில் ஐரோப்பியப் போட்டிகளில் சேர்த்த புள்ளிகள் முடிவு செய்யும். புள்ளி குறைந்த நாட்டின் சாம்பியன் முதல் சுற்றிலேயே இறங்க வேண்டும். புள்ளி கூடிய நாட்டின் சாம்பியன் பிளே-ஆஃபில் வந்து சேரலாம். முந்தைய பருவக் கோப்பையை வென்ற அணி எந்த இடத்தில் நுழைகிறது என்பதைப் பொறுத்து முதல் சுற்றுகளில் ஆடும் அணிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறும். 5 என்ற எண்ணும் 2 என்ற எண்ணும் நினைவில் இருந்தால் போதும்.

3. தோற்றால் எங்கே போவார்கள்?

தோற்ற அணி உடனே வீட்டுக்குப் போவதில்லை. பரமபதத்தில் பாம்பு கடித்தவர் கட்டத்தில் இறங்கினாலும் ஆட்டத்தில் தொடர்வது போல, கீழ்ப் போட்டி ஒன்றுக்கு இறங்குவார்கள்.

சாம்பியன்கள் பாதையில்:
- முதல் சுற்றில் தோற்றால் கான்ஃபரன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கு.
- இரண்டாம் சுற்றில் தோற்றால் யூரோப்பா லீகின் மூன்றாம் தகுதிச் சுற்றுக்கு.
- மூன்றாம் சுற்றில் தோற்றால் யூரோப்பா லீக் பிளே-ஆஃபுக்கு.
- பிளே-ஆஃபில் தோற்றால் யூரோப்பா லீக் முதன்மைக் கட்டத்துக்கு.

லீக் பாதையில் இரண்டாம் சுற்றில் தோற்றவர் யூரோப்பா லீகின் மூன்றாம் தகுதிச் சுற்றுக்கும், அதற்குப் பிறகு தோற்றவர் நேராக யூரோப்பா லீக் முதன்மைக் கட்டத்துக்கும் போவார்கள்.

ஆகவே ஓர் ஆட்டத்தைப் பார்க்க உட்காரும் முன் "தோற்றவர் எங்கே போவார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளே-ஆஃபில் இரு அணிகளுக்கும் ஐரோப்பியக் கால்பந்து உறுதி. பணமும் பெயரும்தான் பணயம். முதல் சுற்றிலோ தோற்றவரின் முழுப் பருவமும் ஆட்டம் காணும். அந்தப் பதற்றம் வீரர்களின் காலிலேயே தெரியும்.

4. குலுக்கலைப் படிப்பது

குலுக்கல் சுவிட்சர்லாந்தின் நியோன் நகரில் நடக்கும். அணிகளை அவற்றின் ஐந்து பருவப் புள்ளிக்கணக்கின்படி இரு பிரிவாக்கி, மேல் பிரிவு அணிக்குக் கீழ்ப் பிரிவு அணியை எதிராக வைப்பார்கள். முந்தைய சுற்று முடியும் முன்பே அடுத்த சுற்றின் குலுக்கல் நடப்பது வழக்கம். அதனால் பட்டியலில் "இந்த ஆட்டத்தில் வெல்பவர்" என்று பெயரில்லாமல் ஓர் இடம் இருக்கும். அது பிழையல்ல, இரண்டு சாத்தியங்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. இரண்டு ஆட்டம், ஒரு முடிவு

ஒவ்வொரு சுற்றிலும் இரு அணிகள் சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என இரண்டு ஆட்டம் ஆடும். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி அதிகம் போட்டவர் வெல்வார். சமமானால் மறு ஆட்டத்தின் முடிவில் 30 நிமிடக் கூடுதல் நேரம். அதிலும் சமமானால் பெனால்டி. வெளியூரில் போட்ட கோலுக்குக் கூடுதல் மதிப்பு தரும் பழைய விதியை ஐரோப்பா 2021இல் நீக்கிவிட்டது. பழைய ஆட்டங்களைப் பற்றிப் படிக்கும்போது மட்டும் அந்த விதியை நினைவில் கொள்ளுங்கள்.

மூன்று எடுத்துக்காட்டுகள் இந்தக் கணக்கை நன்றாக விளக்கும்.

கைராட், 2025: கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்து அணி. முதல் சுற்றிலேயே இறங்கி ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா, ஃபின்லாந்தின் குப்ஸ், ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவன் பிராடிஸ்லாவா ஆகிய மூன்றையும் தாண்டியது. பிளே-ஆஃபில் ஸ்காட்லாந்தின் செல்டிக். கிளாஸ்கோவில் 0-0, அல்மாட்டியில் 0-0. கூடுதல் நேரத்திலும் கோல் இல்லை. பெனால்டியில் 21 வயது கோல் கீப்பர் தெமிர்லான் அனர்பெகோவ் மூன்று உதைகளைத் தடுத்தார். கைராட் 3-2 என வென்றது. செப்டம்பர் 30 அன்று ரியல் மாட்ரிட் அல்மாட்டிக்கு வந்து ஆடியது. அந்த ஆட்டத்தில் கைராட் 0-5 எனத் தோற்றது உண்மை. அந்த நகரத்துப் பிள்ளைகள் தங்கள் மைதானத்தில் ரியல் மாட்ரிட்டைப் பார்த்ததும் உண்மை. தகுதிச் சுற்று தருவது இதைத்தான்.

ஷெரிஃப், 2021: மால்டோவாவின் லீகிலிருந்து வந்த இந்த அணி டியூட்டா, அலாஷ்கெர்ட், ரெட் ஸ்டார் பெல்கிரேடு, டினாமோ ஸாக்ரெப் என நான்கு அணிகளை வென்று முதன்மைக் கட்டத்துக்குள் நுழைந்தது. செப்டம்பர் 28 அன்று மாட்ரிட்டிலேயே ரியல் மாட்ரிட்டை 2-1 என வீழ்த்தியது.

சென்னையின் எஃப்சி, 2019: இது நம் வீட்டுக் கதை. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் பெங்களூரு எஃப்சியை 3-2 என வென்று ஐஎஸ்எல் கோப்பையைக் கைப்பற்றிய சென்னை அணி, அதன் பலனாக ஆசிய அளவிலான 2019 ஏஎஃப்சி கோப்பையின் பிளே-ஆஃபில் இலங்கையின் கொழும்பு எஃப்சியைச் சந்தித்தது. மார்ச் 6, கொழும்பில் 0-0. மறு ஆட்டம் மார்ச் 13. ஜெஜே லால்பெக்லுவா போட்ட ஒரே கோலில் 1-0. வெளியூர்க் கோல் விதி அன்று இருந்ததால், மறு ஆட்டம் 1-1 என முடிந்திருந்தால் கொழும்பு உள்ளே போயிருக்கும். முதல் ஆட்டத்தின் 0-0 பாதுகாப்பான முடிவு போலத் தோன்றினாலும் மறு ஆட்டத்தின் 90 நிமிடமும் அது சென்னை அணியின் தலைக்கு மேல் தொங்கியது. ஒரு கோலின் எடை அந்த ஆட்டத்தில் தெரிந்தது.

6. களத்துக்கு வெளியே தோற்பது

ஊர் அணி நடத்துபவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இது. 2014இல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் போலந்தின் லெகியா வார்சா அணி செல்டிக்கை முதல் ஆட்டத்தில் 4-1, மறு ஆட்டத்தில் 2-0 என வென்றது. மொத்தம் 6-1. ஆனால் மறு ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பார்தோஷ் பெரெஷின்ஸ்கி என்ற வீரரை மாற்று வீரராக இறக்கினார்கள். முந்தைய பருவத்தில் அவருக்கு மூன்று ஆட்டத் தடை விழுந்திருந்தது. மூன்று ஆட்டம் வெளியே இருந்துவிட்டார் என்று அணி நினைத்தது. முந்தைய சுற்றின் பதிவுப் பட்டியலில் அவர் பெயரே இல்லாததால் அந்தச் சுற்றின் இரண்டு ஆட்டங்கள் தடைக் கணக்கில் சேரவில்லை. மறு ஆட்டம் செல்டிக்குக்கு 3-0 என வழங்கப்பட்டது. மொத்தம் 4-4. வெளியூர்க் கோல் விதிப்படி செல்டிக் அடுத்த சுற்றுக்குப் போனது.

செவன்ஸ் போட்டியானாலும் மாவட்ட லீகானாலும் பாடம் ஒன்றுதான். வீரர் பட்டியல், தடைக் கணக்கு, பதிவுக்கான கடைசி நாள் மூன்றையும் ஒரே ஆள் பொறுப்பேற்று எழுதி வைக்க வேண்டும். பட்டியலில் ஒரு பெயரை விட்டதற்கு லெகியா சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பையே விலையாகக் கொடுத்தது.

7. நம் கடிகாரத்துக்கு மாற்றுவது

தகுதிச் சுற்று கோடையில் நடப்பதால் ஐரோப்பாவில் கோடை நேரம் ஓடும். ஆட்டம் நடக்கும் ஊரின் நேரத்தோடு கீழே உள்ளதைக் கூட்டினால் இந்திய நேரம் வரும்.

- கஜகஸ்தான்: அரை மணி நேரம்
- அஜர்பைஜான், ஆர்மேனியா, ஜார்ஜியா: ஒன்றரை மணி நேரம்
- துருக்கி, கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, பல்கேரியா, ஃபின்லாந்து: இரண்டரை மணி நேரம்
- நார்வே, போலந்து, ஹங்கேரி, செர்பியா, ஆஸ்திரியா உட்பட நடு ஐரோப்பா: மூன்றரை மணி நேரம்
- பிரிட்டன், அயர்லாந்து, போர்ச்சுகல், ஃபாரோ தீவுகள்: நான்கரை மணி நேரம்
- ஐஸ்லாந்து: ஐந்தரை மணி நேரம்

இதில் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது. அல்மாட்டியில் இரவு 8 மணி ஆட்டம் இங்கே 8.30க்கே தொடங்கும், பாகுவில் 8 மணி என்றால் இங்கே 9.30. பள்ளிப் பிள்ளைகள் பார்க்கக்கூடிய ஐரோப்பிய ஆட்டங்கள் இவை. பிளே-ஆஃப் ஆட்டங்கள் பெரும்பாலும் நடு ஐரோப்பிய நேரம் இரவு 9 மணிக்கு, அதாவது இங்கே நள்ளிரவு 12.30க்கு. அட்டவணையில் செவ்வாய் என்று போட்டிருந்தால் நமக்கு அது புதன் அதிகாலை. அலாரம் வைக்கும்போது நாளையும் சரிபாருங்கள்.

நள்ளிரவு ஆட்டம் சாதாரணமாக 2.30 மணி அளவில் முடியும். மறு ஆட்டம் கூடுதல் நேரத்துக்கும் பெனால்டிக்கும் போனால் 3.15 தாண்டிவிடும். செங்கல்பட்டிலிருந்து காலை மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் முதல் ஆட்டத்தின் முக்கியக் காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டு, மறு ஆட்டத்துக்கு விழித்திருப்பது நல்லது. முடிவு அங்கேதான்.

8. பார்ப்பதற்கான ஒழுங்கு

எல்லாத் தகுதி ஆட்டங்களும் இந்தியாவில் ஒளிபரப்பாவதில்லை. முதல் சுற்றுகளில் இது இன்னும் குறைவு. ஐரோப்பியக் கூட்டமைப்பின் இணையதளத்திலும் செயலியிலும் ஸ்கோர், அட்டவணை, குலுக்கல் மூன்றும் இலவசமாகக் கிடைக்கும். ஒரு பருவத்தை ஒழுங்காகப் பின்தொடர இப்படிச் செய்யுங்கள்.

- முதல் சுற்றிலேயே ஓர் அணியைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு முன்பின் தெரியாத அணியாக இருக்கட்டும்.
- ஒரு நோட்டில் பாதை, எதிரணி, இரு ஆட்டங்களின் ஸ்கோர், தோற்றால் போகும் இடம் ஆகிய நான்கையும் எழுதுங்கள்.
- ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு கோல் எப்படி வந்தது என்று ஒரு வரி குறியுங்கள். கார்னர், ஃப்ரீ கிக் போன்ற நின்ற பந்துகளில் வரும் கோல்களைத் தனியாக எண்ணுங்கள். வசதி குறைந்த அணிகள் எதை நம்பி ஆடுகின்றன என்பது ஆகஸ்டுக்குள் தெரியும்.
- உங்கள் அணி வெளியேறினால் அதை வென்ற அணியைப் பின்தொடருங்கள். பிளே-ஆஃப் வரும்போது இரண்டு மூன்று நாடுகளின் கால்பந்து பழகியிருக்கும்.
- பயிற்சியாளராக இருந்தால் மறு ஆட்டத்தின் முதல் 20 நிமிடத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு கோல் பின்தங்கிய அணி அவசரப்படுகிறதா, பொறுமையாக ஆடுகிறதா என்று கேளுங்கள்.

9. ஆசியாவில் நமக்கும் இதே வாசல்

ஆசியாவிலும் தகுதிச் சுற்று உண்டு. இந்திய அணிகள் பலவும் அந்த வழியாகப் போயிருக்கின்றன. 2018-19 ஐ-லீகை வென்ற சென்னை சிட்டி எஃப்சி, 2020 ஜனவரி 14 அன்று ஆசிய சாம்பியன்ஸ் லீகின் முதல்நிலைச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 எனத் தோற்றது. அது ஒற்றை ஆட்டம். மறு வாய்ப்பு கிடையாது. அந்த அணி அடுத்த நிலைப் போட்டியான ஏஎஃப்சி கோப்பைக்கு இறங்கியது.

2024 ஆகஸ்ட் 14 அன்று கொல்கத்தாவில் நடந்த, ஆசியாவின் இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் டூவின் தகுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் துர்க்மெனிஸ்தானின் அல்தின் அசிரிடம் 2-3 எனத் தோற்று, அதற்கும் கீழான சேலஞ்ச் லீகுக்கு இறங்கியது. 2025 ஆகஸ்ட் 13 அன்று எஃப்சி கோவா, ஓமானின் அல் சீப் அணியை ஃபட்டோர்டாவில் 2-1 என வென்று சாம்பியன்ஸ் லீக் டூவில் நுழைந்தது. அடுத்து சவுதியின் அல் நாஸர் இருக்கும் பிரிவில் இடம் பெற்றது. ஒரே ஓர் இரவில் ஓர் இந்திய அணியின் பருவம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு இந்த இரண்டு ஆகஸ்டுகளும் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். 2019இல் சென்னையின் எஃப்சி கொழும்பை வென்ற மறு ஆட்டமும், 2020இல் சென்னை சிட்டி ரிஃபாவிடம் தோற்ற ஆட்டமும் அகமதாபாத்தில் நடந்தன. தமிழ்நாட்டின் இரண்டு சாம்பியன் அணிகள் தங்கள் "சொந்த மைதான" ஆட்டத்தை குஜராத்தில் ஆடின. ஆசியக் கூட்டமைப்பானாலும் ஐரோப்பியக் கூட்டமைப்பானாலும் மைதானத்துக்குத் தகுதி விதிகள் உண்டு: புல்தரை, விளக்கு வெளிச்சம், உடை மாற்றும் அறை, மருத்துவ வசதி, பார்வையாளர் பாதுகாப்பு. களத்தில் தகுதி பெறும் அணிக்கு ஊரிலும் தகுதியான மைதானம் வேண்டும். கைராட்டின் வெற்றி அல்மாட்டி மக்களின் கண் முன்னே நடந்தது. ஜெஜேயின் கோலைச் சென்னை ரசிகர்கள் திரையில்தான் பார்த்தார்கள்.

மாமல்லபுரத்தில் எஃப்சி மெட்ராஸின் தங்கும் பயிற்சி வளாகம் இயங்குகிறது. கடற்கரைக் குப்பங்களில் மாலை நேரத்தில் மணலில் ஆடும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. திறமையும் பயிற்சியும் இந்தக் கரையில் இருக்கின்றன. அவர்களில் சிலர் ஒருநாள் ஆசியத் தகுதிச் சுற்றில் ஆடும்போது, அந்த ஆட்டம் தமிழ்நாட்டு மண்ணில், நாம் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் தொலைவில் நடக்க வேண்டும். ரசிகர் மன்றங்களும் மாவட்டக் கால்பந்துச் சங்கங்களும் அரசிடம் கேட்க வேண்டியது அந்த மைதானத்தை.

வரும் ஜூலையில் முதல் சுற்றின் குலுக்கல் பட்டியலை எடுத்து ஓர் அணியைத் தேர்ந்தெடுங்கள். ஆகஸ்ட் கடைசி வரை அதோடு போங்கள். அதே ஆகஸ்டில் ஆசியத் தகுதிச் சுற்றில் ஆடும் இந்திய அணியையும் பாருங்கள். செப்டம்பரில் பெரிய அணிகள் களம் இறங்கும்போது, அங்கே ஏற்கெனவே நிற்கும் ஏழு அணிகள் எதைத் தாண்டி வந்தன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.